எங்கள் குடி பொறுப்பேற்காது

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதை மறைக்க எனக்கு அவசியம் இல்லை. பழைய சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, கல்முனைக்குடிக் கரையிலிருந்து சம்மாந்துறை வயலோரம் வரைக்கும் சூடை மீனும் கீரி மீனும் கூவி விற்றவன், நரை விழுவதற்கு முன்பே மூன்று லொறிக்கும் ஓர் ஐஸ் தொழிற்சாலைக்கும் சொந்தக்காரன் ஆனேன். இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில், வீடு பெண்ணுக்கு. கட்டிக் கொடுப்பது வாப்பாவின் பொறுப்பு. எனக்கு நான்கு பெண்மக்கள். நான்கு பேருக்கும் மாடிவீடு கட்டினேன், ஒருவரிடமும் கை நீட்டாமல். பெருமையாகத்தான் சொல்கிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

மீனில் என்னை ஏமாற்றியவன் இந்தக் கரையில் இன்னும் பிறக்கவில்லை. அறுக்குளாவைக் கழுவிப் பளபளக்க வைக்கலாம், மேலே ஐஸைக் கொட்டி மூடலாம். நான் விரலை விட்டுச் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். சிவப்பா, மண்ணிறமா? அவ்வளவுதான் கேள்வி.

எங்கள் ஊரில் ஒவ்வொருவரும் ஒரு குடியைச் சேர்ந்தவர். குடி தாய்வழியாக வரும். ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் உண்டு. குடிக்குள் கலியாணம், மையத்து அடக்கம், சண்டை, சமாதானம் எதுவானாலும் அவருடைய பேச்சுத்தான் நிற்கும். அவர் ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்தால் அந்தக் குடியின் அத்தனை வீடும் வைத்த மாதிரி. மற்றக் குடிகளில் மௌலவி, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், நாட்டு வைத்தியர் என்று படித்தவர்கள் மரைக்காராக இருந்தபோது, எங்கள் குடி மீன்காரனான என்னை வீடு தேடி வந்து கேட்டது. இன்றைக்கு மரைக்கார்மாரில் மூத்தவன் நான்தான்.

என் பெண்மக்கள் என் குடி இல்லை. அவர்கள் தங்கள் தாயின் குடி. என் குடி என்றால் என் ராத்தாவின், என் மூத்த சகோதரியின், மகள். அவள் நடக்கப் பழகும் முன்பே அவளுடைய வாப்பாவைக் கடல் கொண்டு போய்விட்டது. ராத்தாவையும் அவளையும் நான்தான் பார்த்தேன். பல்கலைக்கழகத்துக்கு முதல் நாள் போகும்போது அவளை மீன் லொறியின் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். இறங்கியதும் தலைமுந்தானையை முகர்ந்து பார்த்தாள்.

"மாமா, நான் இப்ப சூடை மணக்கிறன்."

"மணக்கட்டும் புள்ள. அந்தச் சூடைதான் உன்னப் படிப்பிக்கிது" என்றேன்.

எங்கள் குடியில் பட்டம் எடுத்த முதல் பெண் அவள். ஊரிலேயே ஒரு பாடசாலையில் சுகாதாரமும் விஞ்ஞானமும் படிப்பிக்க வந்தாள். புருஷன் கத்தாரில். ராத்தா மௌத்தாகி அடக்கிய பிறகு அந்த வீட்டில் அவளும் இரண்டு சின்னப் பிள்ளைகளும்தான்.

எனக்கு வருகிற கடதாசி எல்லாம் அவளிடம் போகும். எழுத்துக் கூட்டி நானும் வாசிப்பேன். ஆனால் அரசாங்கக் கந்தோர்க்காரர்கள் எழுதுகிற தமிழ் எனக்குப் பிடிபடாது. அவள் ஒரு பந்தி வாசித்து நிறுத்தி, "விளங்கினதா மாமா?" என்பாள். விளங்கியது என்றால் அடுத்த பந்தி. கடைசியில் விரலை வைத்துக் காட்டுவாள்: "இஞ்ச வைங்க." வைப்பேன். அவள் வாசிக்காமல் நான் கையெழுத்து வைத்தது என் வாழ்நாளில் ஒரே ஒரு கடதாசியில்.

புதிய பாடத்திட்டத்தைப் பற்றி நாடே இரண்டு பட்டுக் கிடந்த நேரம் அது. பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லிக் கொடுக்காவிட்டால் கெட்டவனின் கையில் மாட்டிக்கொள்வார்கள் என்றது ஒரு பக்கம். பெற்றோரைக் கேட்காமல் வகுப்பில் அந்தக் கதையெல்லாம் கதைக்க அரசாங்கத்துக்கு யார் உரிமை கொடுத்தது என்றது மறுபக்கம். மற்ற நேரத்தில் ஒரு மேசையில் உட்காராதவர்கள் எல்லாம் டீவியில் ஒரு வரிசையில் உட்கார்ந்து அதைச் சொன்னார்கள்.

நான் அந்த மறுபக்கம். இன்றைக்கும் அதுதான். நான் மாறிப்போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிள்ளை வாப்பா உம்மாவின் கையில் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். எந்த வயதில் எதைச் சொல்வது என்று எங்களைக் கேட்கத்தான் வேண்டும்.

அந்த நாட்களில் போனுக்குப் போன் கைமாறி ஒரு குரல்பதிவு வரத் தொடங்கியது. ஆண் குரல். எங்கள் கரைப் பேச்சும் இல்லை, கொழும்புப் பேச்சும் இல்லை. ஆறாம் வகுப்பில் ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு, நீ விரும்பினால் பெண்ணாகலாம் என்று படிப்பிக்கிறார்கள், உங்கள் ஊரிலும் தொடங்கிவிட்டது என்றது. ஒரே பகலில் அந்தக் குரல் என் வீட்டில் ஐந்து போனில் பேசியது. யாருடைய குரல் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அது நல்லதாகப் படவில்லை. ஆனாலும் நம்பினேன்.

ஒரு வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு என் மருமகள், ராத்தாவின் மகள், வந்தாள். தோள் பையிலிருந்து புத்தகம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மாமா, அந்தப் புத்தகத்தக் கொண்டந்திரிக்கன். ஒருக்காப் பாருங்க."

"நான் பாக்கிற புத்தகமா அது? நீ என்ன படிப்பிக்கிறாய் எண்டு வாயால சொல்லு."

"உடம்பு எப்பிடி மாறும் எண்டு. தொடக் கூடாத இடத்த ஒத்தர் தொட்டா ஆருக்கிட்டச் சொல்லணும் எண்டு. மறுகா, வீட்டு வேல ஆம்புளப் புள்ளைக்கும் பொம்புளப் புள்ளைக்கும் பொது எண்டு. ஒரு படம் இரிக்கி. பொடியன் வாசல் கூட்டுறான், தங்கச்சி சைக்கிளுக்குக் காத்தடிக்கிறா."

"பாத்தியா, அங்கதான் துவங்குது."

"என்ன துவங்குது? ஊருக்கெல்லாம் மீன் வெட்டிக் குடுத்த மனிசன் நீங்க. மாமி வீட்ட ஒரு மீன வெட்டித் தாங்க எண்டா மட்டும் அது பொம்புள வேல."

குசினிக்குள்ளிருந்து என் மனைவி சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வாப்பா உம்மாவக் கேட்டீங்களா நீங்க? அதச் சொல்லு."

"கூட்டம் வெச்ச மாமா. எல்லா வீட்டுக்கும் கடிதம் அனுப்பின. பதினொரு உம்மாமார் வந்தாங்க. வாப்பாமாரில ஒத்தரும் வரல்ல. உங்கட பேத்தி என்ட வகுப்புத்தான். அவட வாப்பா வெளிநாடு எண்டு உங்களுக்கும் கடிதம் வந்த. நான்தான் உங்களுக்கு வாசிச்சும் காட்டின."

அது உண்மை. அன்றைக்கு லொறி வரும் நாள். பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு ஆம்பிளை போவதா என்று நானும் நினைத்திருந்தேன்.

"நாளைக்கு ஜும்ஆ முடியப் பள்ளியில இதப்பத்திக் கூடுறாங்களாம். எதிலயும் கையெழுத்து வைக்க முந்தி எனக்கிட்டக் கொண்டாங்க" என்றாள்.

அது என்னைக் குத்தியது. இவளை லொறியில் ஏற்றிக்கொண்டு போனவன் நான். "எனக்குப் புத்தி சொல்லுற அளவுக்கு வளந்திட்டாய்" என்றேன். அவள் பையைத் தோளில் போட்டாள். புத்தகத்தை விட்டுவிட்டுப் போனாள். நான் அதைத் திறக்காமலேயே குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன்.

மறுநாள் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் காரியாலயத்தில் ஏழு மரைக்கார்மார் கூடினோம். அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறார் என்று ஊரறிந்த, ரோட்டு வேலை எடுத்துச் செய்யும் ஒரு கொந்தராத்துக்காரரும் வந்திருந்தார். அவர் மரைக்கார் இல்லை. ஆனால் கடிதத்தை டைப் அடித்துக்கொண்டு வந்தவர் அவர்தான்.

"காக்கா, நீங்கதான் மூத்தவர்" என்று அண்ணன் முறை வைத்து என்னைப் பார்த்துச் சொன்னார். "உங்கட கையெழுத்து முதல்ல விழுந்தாத்தான் மத்தக் குடியெல்லாம் நிமிர்ந்து நிக்கும்."

"என்ன கடிதம்?"

"அந்தப் பாடத்த நிப்பாட்டச் சொல்லி மேல போடுறது. வேற ஒண்டுமில்ல."

என் பக்கத்தில் இருந்த நாட்டு வைத்தியர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். "என்ட கண்ணாடி வீட்ட கிடக்கு. எடுத்திட்டு வாறன்" என்று எழும்பினார். கண்ணாடி கயிற்றில் கோத்து அவருடைய நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது. "பரியாரிக்கு ரெண்டு கண்ணாடி தேவப்படுது" என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. போனவர் திரும்பி வரவும் இல்லை.

கடிதம் இரண்டு பக்கம். கொந்தராத்துக்காரர் முதல் பக்கத்தைப் பின்னால் மடித்து, இரண்டாம் பக்கத்தின் அடியை மட்டும் என் முன்னால் தள்ளினார். விரல் வைத்துக் காட்டினார். யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. எனக்கோ, மருமகள் சொன்னது இன்னும் காதில் எரிந்தது. நான் வைத்தேன். குடியின் முத்திரையையும் மேலே குத்தினேன். மை காயும் முன்பே அவர் போனை எடுத்து அதைப் படம் பிடித்தார்.

"படம் என்னத்துக்கு?"

"ஒரு பாதுகாப்புக்கு, காக்கா."

திங்கட்கிழமை விடியலில் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கரையில் மீன் ஏலம். தோணி ஒன்று நல்ல பாரை கொண்டுவந்திருந்தது. நான் குனிந்து ஒரு பாரையின் செவுளுக்குள் விரலை விட்டபோது ஏலம் கூறுகிறவர் என் முதுகில் தட்டினார்.

"காக்கா, உங்கட குடியெண்டாக் குடிதான். சொந்த ரெத்தமெண்டும் பாக்கல்ல நீங்க."

பாராட்டு என்றால் எனக்குப் பிடிக்கும். நிமிராமலேயே தலையை ஆட்டினேன். பிறகுதான் கேட்டேன். "என்ன ரெத்தம்?"

அவர் போனை நீட்டினார். என் கையெழுத்து. என் முத்திரை. விரலில் மீன்ரத்தம் இருந்ததால் அவரையே மேலே தள்ளச் சொன்னேன். எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு போனேன். முதல் பக்கத்தின் நடுவில் மருமகளின் பெயர், வாப்பாவின் பெயரோடு முழுதாக இருந்தது. அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. கரையில் நின்ற நாலைந்து பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் மரியாதையாகத்தான் பார்த்தார்கள். அதுதான் பயமாக இருந்தது.

அவளுடைய வீட்டுக்குப் போனேன். பட்டப்பகலில் கேற்றுக்குச் சங்கிலி போட்டிருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை; ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள். அவள் வந்து திறந்து, நான் உள்ளே வந்ததும் மறுபடி பூட்டினாள். விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்று கல்விக் கந்தோரிலிருந்து காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்களாம்.

"அந்தக் கடிதத்த வாசி" என்றேன்.

"உங்கட கடிதம் மாமா. உங்களுக்குத் தெரியாதா?"

"வாசி புள்ள."

அவளிடம் பிரதி இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, வங்கிக் கடதாசி வாசிக்கிற அதே குரலில் வாசித்தாள். முதல் பந்தி பாடத்தைப் பற்றியது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. "விளங்கினதா மாமா?" விளங்கியது. இரண்டாம் பந்தி, இந்தப் பாடத்தை ஆர்வத்தோடு படிப்பித்த இன்ன ஆசிரியையை எங்கள் ஊரிலிருந்து அகற்ற வேண்டும் என்றது. "விளங்கினதா?" நான் தலையாட்டினேன். மூன்றாம் பந்தியை அவள் மெதுவாக வாசித்தாள். ஆசிரியையின் சொந்தக் குடியினருக்கே இதில் முழு உடன்பாடு. இனி அவருக்கு நேரக்கூடிய எந்த விளைவுக்கும் எங்கள் குடி பொறுப்பேற்காது.

"விளங்கினதா மாமா?"

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு வெறும் கந்தோர் வசனம். எங்களுக்கு அப்படி இல்லை. புருஷன் தூரத்தில் இருக்கும் பெண்ணின் கேற்றுக்குப் பூட்டு எதற்கு? அவளுடைய குடிதான் பூட்டு. ஒருவன் ரோட்டில் அவளைப் பார்த்து ஒரு சொல் சொன்னால் அது அஸருக்கு முன் மரைக்காரின் காதுக்கு வரும். இருட்டி மஃரிப் ஆகும் முன் அவனுடைய மரைக்காரின் வீட்டு வாசலில் நான் நிற்பேன். எத்தனை முறை நின்றிருக்கிறேன். அந்தப் பூட்டைத்தான் நான் என் முத்திரையால் திறந்து கொடுத்திருக்கிறேன்.

"கடைசிப் பந்திய ஆர் மாமா எழுதின?"

"எனக்குத் தெரியா."

"வாசிக்காமயா வெச்சீங்க?"

"ஓம்."

அவள் கடதாசியை நாலாக மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தாள். எனக்குத் தேத்தண்ணி போட்டாள். பிறகு என்னைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பொலித்தீன் பையைக் காட்டினாள். சனிக்கிழமை கேற்றுக்கு மேலால் எறிந்திருந்தார்களாம். திறந்து பார்த்தேன். சூரைக் குடல். எறிந்த நாளிலேயே அது பழசு. வேண்டுமென்றே ஒரு நாள் வைத்துப் புழுத்த பிறகு கொண்டுவந்திருக்கிறார்கள். மீனைப் பற்றி எனக்குப் பிழைக்காது.

"ரெண்டு பைக் மாமா. பின்னேரத்தில இந்த ஒழுங்கையால நாலு தரம் போகுது. நிக்கிறதில்ல. கேற்றடியில வந்தா மெதுவாப் போகுது" என்றாள்.

அன்றைக்கே கொந்தராத்துக்காரரிடம் போனேன். என் கையெழுத்தைத் திருப்பி எடுக்க வேண்டும் என்றேன். அவர் என்னை உட்கார வைத்து, குளிர்பானம் எடுத்துவரச் சொல்லி, மிகப் பணிவாகப் பேசினார்.

"எடுக்கிறதா? ஒரு குடிக்கு ரெண்டு நாக்கா, காக்கா? ஊர் என்ன சொல்லும்?"

"அந்தப் பந்தி என்ட வாயால வந்ததில்ல."

"உங்கட முத்திர இரிக்கி. இனி அது என்ட கையிலயும் இல்ல. எல்லார்ட போன்லயும் இரிக்கி." பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார்: "உங்கட பாதுகாப்புக்குத்தானே அப்பவே படம் எடுத்த."

அந்த வாரம் முழுக்க நான் புத்தகத்தை வாசித்தேன். குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்து எடுத்து, விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக. ஆண் பெண்ணாகலாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. இரண்டு இடத்தில் எனக்கு முகம் சுளித்தது. எங்களைக் கேட்டிருந்தால் அதை வேறு மாதிரி எழுதச் சொல்லியிருப்பேன். கேட்டார்கள்தான். நான் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எழுந்து கதைக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லி வைத்தேன். "பாப்பம்" என்றார்கள். குத்பாப் பிரசங்கமும் தொழுகையும் முடியும் வரை வேலை செய்த ஒலிபெருக்கி, நான் எழும்பியதும் பழுது என்றார்கள். எனக்கு ஒலிபெருக்கி எதற்கு? சைக்கிளில் போய்க்கொண்டே மூன்று தெருவுக்குக் கேட்க மீன் கூவியவன் நான். நின்ற இடத்திலிருந்து சொன்னேன்.

"அந்தக் கடிதத்த நான் வாசிக்கல்ல. பிழ என்ட. பாடத்தப் பத்தி என்ட கதை ஒண்டுதான், அது மாறல்ல. ஆனா அந்தப் புள்ள என்ட குடி. அவளுக்கு ஒண்டு நடந்தா நான் பொறுப்பு. அவள்ட வாசலுக்குப் போக முதல் என்ட வாசலுக்கு வாங்க."

கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். யாரும் மறுத்துப் பேசவில்லை. யாரும் கை கொடுக்கவும் இல்லை. செருப்பைத் தேடுகிற சத்தம் மட்டும். நாட்டு வைத்தியர் வெளியே போகும்போது என் தோளில் ஒரு தரம் கை வைத்துவிட்டுப் போனார்.

விசாரணைக்கு முறைப்பாட்டுக்காரனாக என்னையும் கூப்பிட்டார்கள். அந்த அழைப்புக் கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அவள்தான். அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வரும்படி எனக்கு வந்த கடதாசியை, பந்தி பந்தியாக நிறுத்தி, விளங்கினதா என்று கேட்டு வாசித்தாள். கிடைத்தது என்று கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தையும் விரலால் காட்டினாள்.

கந்தோரில் நான் சொன்னதை ஓர் அதிகாரி எழுதினார். எழுதி முடித்து என் பக்கம் திருப்பினார். "வாசிங்க" என்றேன். அவர் சலித்துக்கொண்டு வாசித்தார். கையெழுத்து தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார் என்று இருந்தது. "வாசிக்காம வெச்ச எண்டு நான் சொன்னது எங்க?" என்று கேட்டேன். அதையும் எழுத வைத்தேன். மறுபடி வாசிக்க வைத்தேன். பிறகுதான் வைத்தேன். படித்தவர்கள் இரண்டு பேர் என் பின்னால் வரிசையில் நின்று பெருமூச்சு விட்டார்கள். விடட்டும்.

மாதங்கள் போய்விட்டன. முடிவு இன்னும் வரவில்லை. அவளுடைய வகுப்பை வேறொருவர் எடுக்கிறார். புத்தகத்தில் அந்தப் பக்கங்களைத் திறக்க முடியாதபடி சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று பேத்தி சொன்னாள். மருமகள் தூர இடத்துக்கு மாற்றம் கேட்டு எழுதலாமா என்று யோசிக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை, அவளுடைய மேசையில் அரைகுறையாக எழுதிய கடதாசியைக் கண்டேன், வாசித்தேன். இப்போது நான் எல்லாவற்றையும் வாசிக்கிறேன்.

பின்னேரங்களில் அஸர் முடிந்ததும் அவளுடைய வீட்டுக்குப் போய், கேற்றுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு மஃரிப் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு வரை உட்காருகிறேன். மூன்று லொறிக்காரன் வாசல்காவல் இருக்கிறான் என்று ஊர் சிரிக்கிறதாம். சிரிக்கிறவர்கள் இந்த ஒழுங்கையால் வரவில்லை.

நேற்று ஒரு பைக் வந்தது. கேற்றடியில் வந்ததும் வழக்கம்போல மெதுவானது. இந்த முறை நின்றது. ஓட்டி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எனக்கு ஸலாம் சொன்னான். மரியாதையான குரல். எனக்குத் தெரிந்த குரல் இல்லை. நான் பதில் சொன்னேன். உள்ளே சங்கிலி ஆடும் சத்தம் கேட்டது. மருமகள் பூட்டைச் சரிபார்க்கிறாள் என்று விளங்கியது.

பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். நான் எழும்பவில்லை. அவனும் போகவில்லை.